தகட்டில் தெரிந்த இன்னொரு தலை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன். தனியாகவா சாப்பிடுகிறாய் என்று கேட்டிருந்தாய், சொல்கிறேன்.

பழுது பார்க்கும் கடையில் முதலாளி மலிவான வெப்பக் கேமரா ஒன்று வாங்கித் தந்திருக்கிறார். செல்போனில் செருகினால் சூடு நிறமாகத் தெரியும். சின்ன லென்ஸைச் சேர்த்தால் மின்சுற்றுப் போர்டில் கடுகளவு பாகம் கொதிப்பதுகூடத் தெரிகிறது.

ஒரு வேடிக்கை கேள். செவ்வாய் மதியம் ஒரு போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்த பளபளப்பான தகட்டு மூடியில் என் தலை ஆரஞ்சு நிறத்தில் மங்கலாக மிதந்தது. தோளுக்குப் பின்னால் இன்னொரு தலை. திரும்பினால் யாரும் இல்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன், சிரித்தார். "பளபளப்பான தகடு சூட்டுக்குக் கண்ணாடி மாதிரிப்பா. உன் மூஞ்சியப் பாத்து நீயே பயந்திருக்கே. புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்புதான். மேல டேப் ஒட்டு, போயிடும்."

"ரெண்டு தலை தெரிஞ்சுதே?"

அவர் டேப் சுருளை என் பக்கம் தள்ளினார். ஒட்டினேன், போய்விட்டது. இதற்காக நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

என் பழைய போர்வையை அனுப்பு. போனில் பேசினால் உடனே வைத்துவிடாதே. நீ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டாலும் போதும்.

முதலாளி கூப்பிடுகிறார். நீ கேட்டதற்குப் பதில்: நேற்று மதியம் அந்த டேப்பை உரித்து, கேமராவைத் தகட்டுக்கு நேராக நிறுத்திவிட்டுத்தான் டிபன் பாக்ஸைத் திறந்தேன். இப்போது நான் தனியாகச் சாப்பிடுவதில்லை, அம்மா.

உன் மகன்