கூப்பாண்டி

மே 11, 2051. காலை 8.10. ஆலாத்திட்டு நிலையம்.

தட்டச்சுப் பலகை உப்புக்காற்றில் செத்துவிட்டது. இனி வாயால் சொல்வதுதான் பதிவு. நிலையக் கணினி அதை எழுத்தாக்கிக்கொள்ளும். காற்று மிதம். கடல் இப்போது இறக்கம், மதியத்திலிருந்து ஏற்றம்.

கோடை முகாமுக்கு எட்டுப் பிள்ளைகள் வந்திறங்கியிருக்கிறார்கள். கரையிலிருந்து படகில் கொண்டுவந்து விட்டவர் சூசையண்ணன். அவர் மகள் டெனிலாவும் எட்டில் ஒருத்தி. ஒன்பது வயது, வாய்க்கு ஓய்வே கிடையாது.

என் பெயர் உலகம்மை. பெயரில்தான் உலகம், ஆளுவது ஒரு மணல்திட்டு. இங்கே முத்துக்குளிப்புக் காலத்துக் கல்பங்களா ஒன்று பாதி நிற்கிறது. பழைய கலங்கரை விளக்கம் முழுதாக நிற்கிறது. ஆயிரக்கணக்கில் ஆலாப் பறவைகள் இருந்தன, இப்போது இல்லை. அவற்றைத் திரும்ப வரவைப்பது என் வேலை. மூன்று நாளைக்குப் பிள்ளைகளின் வேலையும் அதுதான்.

இன்று கரையில் கிழிந்த வலைகளைப் பொறுக்குகிறார்கள். பங்களாச் சுவரில் தன் பெயரைக் கிறுக்கிய சகாயத்துக்கு அதே சுவரைத் துலக்கும் தண்டனை. பாடிக்கொண்டே துலக்குகிறான், திருந்துகிற ஜென்மமாகத் தெரியவில்லை.

மே 11. மாலை 4.30.

பிள்ளைகளுக்கு ஒலிப்பெட்டிகளைக் காட்டினேன். திட்டைச் சுற்றி ஆறு பெட்டிகள், சிமெண்டில் பதித்தவை, வெயிலில் ஓடுபவை. ஆலாக்கூட்டத்தின் இரைச்சலை ஓயாமல் ஒலிக்கும். மேலே போகும் பறவை தன் இனம் இங்கே இருக்கிறது என்று நம்பி இறங்கும். பெட்டிக்குக் கொஞ்சம் அறிவும் உண்டு. எந்த ஒலிக்குச் சூடுள்ள உடல் வந்து தங்குகிறதோ, அந்த ஒலியைக் கூட்டும். சுற்றிலும் கேட்கும் புது ஒலிகளையும் கற்றுக்கொள்ளும். புயலில் ஒன்று அணைந்தால் மற்றது நிலையத்து வயர்லெஸ் வழியாக அதை எழுப்பும்.

டெனிலா அதற்குக் கூப்பாண்டி என்று பெயர் வைத்தாள். எல்லாரும் பெட்டிமுன் நின்று ஆலாவைக் கத்திக் கூப்பிட்டார்கள். நானும் கத்தினேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மே 12. காலை 9.30.

நேற்று மாலையிலிருந்து பெட்டிகளின் வருகைக் கணக்கு எகிறியிருக்கிறது. சந்தோஷமாக ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆலாவின் எச்சம்கூட இல்லை. ஈரமணலில் பிள்ளைகளின் கால்தடங்கள்தாம் இருந்தன.

சகாயத்தைப் பிடித்துக் கேட்டேன். "காலையில நீங்கதான டீச்சர், 'ஏலே இங்க வாங்க, குஞ்சு பொரிச்சிருக்கு'ன்னு கூப்பிட்டிய? வந்து பாத்தா ஒங்கள காணல" என்றான். மற்றவர்களும் ஆமென்று தலையாட்டினார்கள்.

நான் அந்த நேரம் அடுப்படியில் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தேன். யாரையும் கூப்பிடவில்லை. அப்படி ஒரு வார்த்தையே நான் சொன்னதில்லை.

ஆறு பெட்டிகளையும் நிறுத்தினேன். கால்மணி நேரத்தில் ஆறும் விழித்துக்கொண்டன, ஒன்றை ஒன்று எழுப்பிவிட்டிருக்கின்றன. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். வயர்லெஸ்ஸில் சூசையண்ணனை உடனே படகோடு வரச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளிடம் படகு கோளாறு, முகாம் முடிந்தது என்று பொய் சொன்னேன்.

மே 12. பகல் 12.50.

குரல் நடுங்குகிறது. கணினி சரியாக எழுதுகிறதா தெரியவில்லை.

பிள்ளைகளைக் கலங்கரை விளக்கத்துக்குள் உட்காரவைத்துச் சோறு போட்டேன். தென்முனை மணலிலிருந்து அழுகை கேட்டது. கடல் ஏறினால் முழுகிப்போகும் இடம் அது. "டெனி, காலு மாட்டிக்கிச்சு. வலிக்கி. வா டெனி." சகாயத்தின் குரல்.

சகாயம் என் பக்கத்தில் இருந்தான். வாய் நிறையச் சோறு. தன் குரலைத் தானே கேட்டுத் தட்டைக் கீழே போட்டான்.

டெனிலா வெளியே கை கழுவிக்கொண்டிருந்தவள். அவன் உள்ளே இருப்பது அவளுக்குத் தெரியாது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது நெஞ்சளவு தண்ணீரில் நின்றாள். குனிந்து, தண்ணீருக்குள் கைவிட்டு, அவன் காலைத் தேடிக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் உள்ள வா" என்று பெட்டி அழுதது. தலைமுடியைப் பிடித்துத்தான் இழுத்துவந்தேன். "அவன விட்டுட்டா போறிய?" என்று என்னைக் கடித்தாள்.

இப்போது புரிகிறது. வந்தால் போதாது, தங்கவும் வேண்டும் என்று அதற்குச் சொல்லிவைத்திருக்கிறேன். அழுகுரலுக்குப் பிள்ளை ஓடிவரும், விட்டுவிட்டுப் போகாது. பறவைக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் அதற்கு யாரும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இவ்வளவு பயம் இதுவரை வந்ததில்லை.

மே 12. பிற்பகல் 2.15.

படகு வந்தது, போயும்விட்டது. சூசையண்ணன் கரை தட்டும்போதே கத்தினார்: "என்ன டீச்சர், வாங்கன்னிய. பெறவு வேண்டாம், பிள்ளைக நல்லாத்தான் இருக்குன்னிய. எதத்தான் நம்ப? எம்மக இருக்கால்லா, அதான் வந்துட்டேன்."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெட்டிகள் வயர்லெஸ்ஸுக்குள்ளும் வந்துவிட்டன.

எட்டுத் தலை எண்ணி ஏற்றினேன். நான் போகவில்லை. திங்கட்கிழமை வேறொரு பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், அதற்குள் ஆறையும் உடைத்தாக வேண்டும். கடப்பாரை இருக்கிறது. சூசையண்ணனிடம் சொன்னேன்: என் குரலை நம்பாதீர்கள். வேலை முடிந்ததும் விளக்கத்தின் உச்சியில் என் சிவப்புத் துப்பட்டாவைக் கட்டுவேன், அதைக் கண்ணால் பார்த்தால் மட்டும் வாருங்கள்.

"சரி டீச்சர். துணி பறந்தாத்தான் வருவேன். மாதாவே கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

மே 12. மாலை 4.40.

ஐந்து பெட்டிகளை உடைத்துவிட்டேன். உள்ளங்கை கிழிந்திருக்கிறது. பாக்கி தென்முனைப் பெட்டி ஒன்றுதான். அங்கே இடுப்பளவு தண்ணீர். கடல் இறங்கியதும் போகலாம் என்று உட்கார்ந்தேன்.

இப்போது டெனிலா அழுகிறாள். தென்முனையில். "டீச்சர், எல்லாரும் போயிட்டாவ. என்ன விட்டுட்டாவ."

பெட்டிதான். பெட்டிதான் என்று தெரியும். நானே எண்ணினேன். ஆனால் எண்ணும்போது டெனிலா குளிரில் படகின் தார்ப்பாய்க்கடியில் சுருண்டிருப்பதாக நினைத்தேன். தார்ப்பாயை ஒரு தலையாக எண்ணினேன். முகத்தைப் பார்த்தேனா? வேறு யாருடைய அழுகையாவது கேட்டு அவள் மறுபடி இறங்கி ஓடியிருந்தால்? பெற்றவர் பார்க்காமலா போவார்?

வயர்லெஸ்ஸில் கேட்டேன். "அண்ணே, டெனிலா ஒங்ககூட இருக்காளா?"

பதில் வந்தது. "இல்லியே டீச்சர். ஒங்ககூடத்தான இருக்கா?"

சூசையண்ணன் குரல். சூசையண்ணனா? என்னை நம்ப அவருக்கு ஓர் அடையாளம் சொல்லி அனுப்பினேன். அவரை நம்ப எனக்கு ஓர் அடையாளம் கேட்டு வாங்கவில்லை. முட்டாள் நான், முட்டாள்.

தண்ணீர் ஏறுகிறது. "டீச்சர், கழுத்து வரைக்கும் வந்துட்டு" என்கிறாள். காதைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். முடியவில்லை. பெட்டியாக இருந்தால் உடைத்துவிட்டு வருவேன். பெட்டியாக இல்லாவிட்டால்

கடப்பாரையை எடுத்துக்கொண்டேன். துப்பட்டா கழுத்தில் இருக்கிறது. இதைக் கண்டெடுப்பவர்களே, விளக்கத்தின் உச்சியைப் பாருங்கள். அங்கே சிவப்புத் துணி இல்லையென்றால் பிள்ளைகளோடு வராதீர்கள். யார் கூப்பிட்டாலும் வராதீர்கள். டெனிலா, இதோ வந்துட்டேன் கண்ணு, அங்கேயே நில்லு

மே 12. மாலை 6.00. ஆலாத்திட்டு நிலையம்.

காற்று மிதம். கடல் ஏற்றம். எல்லாம் நலம். பேசுவது உலகம்மை.

வருகை ஒன்று. தங்கியது ஒன்று.

துப்பட்டா தண்ணீரில் போய்விட்டது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். திங்கட்கிழமை பிள்ளைகளைத் தென்முனையில் இறக்கிவிடுங்கள்.

ஏலே இங்க வாங்க. குஞ்சு பொரிச்சிருக்கு.