இருக்கையில் மணல் மூட்டை

கிராண்ட் ரேப்பிட்ஸ்
ஏப்ரல் 6, 2003

கெரிட்டுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். நீ நலமாகத்தான் இருப்பாய், இன்னும் பனி வாரிக்கொண்டு.

சிவப்புக் கார் ஆட்டம் கண்டுவிட்டது. முன் மட்கார்டை ஒரு அழுத்து அழுத்திக் கையை எடுத்தால் நிற்காமல் தலையாட்டுகிறது. பின்பக்க ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறது. இங்கே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். "இருபது வருஷத்துக் கார். இதுக்குப் போய் மெனக்கெடுறீங்களே, வித்துத் தொலைங்கம்மா" என்றான். கடைசியில் உன்னிடமே கேட்க வேண்டியதாயிற்று, என் தலையெழுத்து. எதை வாங்குவது? இருப்பதிலேயே மெத்தென்றது வேண்டும்.

ட்ரூடி

மார்க்கெட் நகரம்
ஏப்ரல் 14

அன்புள்ள ட்ரூடி,

எட்டு வருடம் கழித்து ஒரு கடிதம், அதிலும் காருக்குத்தான் உடம்பு சரியில்லை! விவாகரத்தில் காரை நீ எடுத்துக்கொண்டாய், கருவிப் பெட்டி எனக்கு வந்தது. இப்போது பெட்டியில்லாமல் முடியவில்லை, பார்த்தாயா?

முன்னால் ஸ்ட்ரட் இரண்டு, பின்னால் ஷாக் இரண்டு, நான்கையும் ஒன்றாக மாற்று. மேலே இருக்கும் ரப்பரையும் விடாதே. ஆனால் மெத்தென்றதா? அது பந்தயக் கார், அம்மணி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவே அதை வளைத்து ஓட்டி என்னையே தோற்கடித்தவள், இப்போது சோபா கேட்கிறாய். வாயு அடைத்த முரட்டு ஷாக்தான் அதற்கு லாயக்கு. கொஞ்சம் குலுக்கும், ஆனால் வளைவில் ஒட்டிக்கொண்டு போகும். நானே வரவழைக்கிறேன்.

கெரிட்

ஏப்ரல் 24

கெரிட்,

நீ மாறவே இல்லை. ஒருத்தி ஒன்று கேட்டால் ஏன் என்று கேட்க மாட்டாய், உனக்குப் பிடித்ததை வாங்கிக் கொடுத்துவிடுவாய். எனக்கு வளைவும் வேண்டாம், கோப்பையும் வேண்டாம். ஜூனில் க்ளென் ஆர்பர் ஏரிச் சாலையில் ஒரு தடவை போய்வர வேண்டும். அந்தச் சாலை குளிர்காலம் முடிந்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு பள்ளத்திலும் எனக்கு உயிர் போய் வருகிறது.

சனிக்கிழமை என் தம்பி வில்லெம் காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருவான். அவனுக்கு நல்ல சாப்பாடு போடு.

ட்ரூடி

மே 5

அன்புள்ள ட்ரூடி,

நீதான் ஜெயித்தாய். மெத்தென்றதையே போட்டுவிட்டேன். பனிக்காகச் சாலையில் தூவும் உப்பில் துருப்பிடித்த போல்ட் ஒன்று உடைந்து என் விரல் தோலையும் கொண்டு போயிற்று. வில்லெம் இரண்டு இறைச்சிப் பேஸ்டி தின்றான். உன்னைப் பற்றிக் கேட்டேன். "அக்காகிட்டயே கேளுங்க அத்தான்" என்று தரையைப் பார்த்தான்.

போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்குவதுதான் பாக்கி. சக்கரம் தரையில் நிற்க, ஓட்டுபவர் பாரம் இருக்கையில் இருக்க, அப்போதுதான் போல்ட்டை இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் கிழியும். உனக்குத் தெரியாததா? வழக்கம் போல உன் இடத்தில் மணல் மூட்டை வைக்கிறேன். நூற்று நாற்பது பவுண்டுதானே? உண்மையைச் சொல். முன்பு பத்து பவுண்டு குறைத்துச் சொன்னாய், கார் ஒரு சீசன் முழுக்க இடது பக்கம் சாய்ந்தே ஓடியது.

கெரிட்

மே 12

அன்புள்ள கெரிட்,

தொண்ணூற்று நான்கு. இந்தத் தடவை குறைத்துச் சொல்லவில்லை.

மார்பில் தொடங்கியது, இப்போது முதுகெலும்பில் இருக்கிறது. டாக்டர் ஜூனுக்கு மேல் எதைப் பற்றியும் பேசுவதில்லை. போன் செய்யாதே. நீ அழுதால் என்னால் தாங்க முடியாது.

போல்ட்டை இறுக்கும்போது பக்கத்து இருக்கையிலும் மூட்டை வை, உன் எடைக்கு. தொப்பையையும் சேர்த்துக்கொள். நான் ஓட்டுகிறேன், நீ வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து வா. அந்த ஆசைதான் பாக்கி இருக்கிறது.

உன்
ட்ரூடி

க்ளென் ஆர்பர்
ஜூன் 1

என் ட்ரூடி,

உன் கடிதம் கிடைத்த அன்றே இரண்டு இருக்கையிலும் மூட்டை வைத்து இறுக்கினேன். மறுநாள் விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உன் வீட்டு வாசலில் வில்லெம் நின்றான். "அக்கா ராத்திரியே போயிட்டாங்க அத்தான்" என்றான். கார் வருகிறதா என்று கடைசி வரை பார்த்திருக்க ஜன்னல் பக்கம் கட்டிலைப் போடச் சொல்லியிருக்கிறாய்.

உன்னைப் புதைத்துப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. இந்தக் கடிதத்தை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை, எழுதாமலும் இருக்க முடியவில்லை.

இன்று அந்தச் சாலையில் போய்வந்தேன். ஓட்டியது நான், அதற்கு நீ திட்டுவாய். தொண்ணூற்று நான்கு பவுண்டு மணலைப் பக்கத்தில் வைத்து பெல்ட் போட்டேன். பெட்ரோல் போட்ட பையன் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

சாலை முழுக்கப் பள்ளம். ஒன்றைக்கூட நான் ஒதுக்கவில்லை, வேண்டுமென்றே எல்லாவற்றிலும் இறக்கினேன். மூட்டை அசையவே இல்லை.

உனக்கு வலித்திருக்காது, ட்ரூடி.

கெரிட்