சிவப்பு சிக்னலில் உன் அம்மா

என் வாலுக்கு,

அப்பா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், உன் சுகத்தை நீ போனில் எப்போதும் பாதிதான் சொல்கிறாய், மீதியைக் கடிதத்தில் எழுது. இருமல் நின்றதா? காலையில் வெறும் காப்பியோடு வேலைக்கு ஓடுகிறாய் என்று உன் குரலே காட்டிக்கொடுக்கிறது, அந்தப் பழக்கத்தை விடு. குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. பல் செட் வேலை எனக்குக் குறைவில்லாமல் வருகிறது, உலகத்தில் பல் விழாதவர் யார். இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம். போனில் சொல்ல முடியாத சங்கதி ஒன்று இருக்கிறது, அது உன் அம்மா சைக்கிளிலிருந்து விழுந்த கதை. பயப்படாதே, ஒன்றும் ஆகவில்லை. உன்னிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று இத்தனை நாள் எனக்கு உத்தரவு. நேற்றுத்தான் மனம் இளகி, எழுதிக்கோங்க, ஆனா விழுந்ததை மட்டும் சுருக்கமா எழுதுங்க என்றாள். சுருக்கமாக எழுத எனக்கு எங்கே வருகிறது.

எல்லாம் உன்னால் வந்தது. நீ அங்கே ரோடு பைக் வாங்கி, ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு படம் அனுப்பினாயே, அதைப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள், பெத்த பொண்ணு ஓட்டறப்ப பெத்தவ ஓட்டக் கூடாதா என்று ஆரம்பித்தாள். டிரைவிங் ஸ்கூல்ல பக்கத்து சீட்டுல உட்கார்ந்து அடுத்தவங்களுக்கு பிரேக் போட்டே என் காலம் போச்சு, எனக்குன்னு ஒரு வண்டி வேணும் என்றாள். அதற்குமேல் நான் வாயைத் திறப்பேனா? கடைக்குப் போனோம். கடைக்காரர் பையனுக்காம்மா என்று கேட்டுத் தொலைத்தார். எனக்குத்தான், ஏன், எனக்குச் சேராதா என்று இவள் கேட்ட கேட்பில் மனிதர் டேப்பை எடுத்து இவள் கால் உயரத்தை அளக்க ஆரம்பித்துவிட்டார். நீல நிற வண்டி. ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர், ஒரு கையால் தூக்கிவிடலாம். ஸ்டாண்டு எங்கே என்று கேட்டேன், கிடையாதாம். கேரியர்? அதுவும் கிடையாது. பெல்லாவது உண்டா என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருங்க, நீங்க ஏறப்போற வண்டி இல்லை இது என்று அம்மா என்னை அடக்கினாள். முதல் நாள் ஓட்டிவிட்டு வாசலில் வந்து இறங்கினாள் பார், கால் தரையில் பாவவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். நீ கிளிப்லெஸ் பெடலுக்கு மாறிவிட்டதாக எழுதினாய், இவளும் மாற வேண்டும் என்றாள். ஷூவின் அடியில் ஒரு கட்டை, அது பெடலில் டக்கென்று மாட்டிக்கொள்கிறது, நான் கட்டும் பல் செட் அண்ணத்தைப் பிடிப்பது போல நல்ல பிடி. இழுத்தாலும் வராது, மிதித்தாலும் வராது, குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். எனக்குப் பகீரென்றது. பெடல் மாற்றுவதற்கு முன்னால் அவளை என் வேலை அறை நாற்காலியில் உட்காரவைத்து மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டுக்கும் அளவு எடுத்து பிளாஸ்டரில் அச்சு வார்த்துவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்றுதான். வாய் நிறையப் பசையோடு அவள் பேசாமல் இருந்தாள், கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைத்த நிம்மதி அந்தச் சில நிமிடம்தான். பசையைத் துப்பிவிட்டு, கட்டின பொண்டாட்டிக்குப் பல் விழும்னு முன்கூட்டியே கணக்குப் போடற மனுஷனை நான் பார்த்ததே இல்லை என்றாள்.

விழுந்தது டிரைவிங் ஸ்கூலுக்கு எதிரே இருக்கிற சிக்னலில். உன் அம்மாவின் வலது காலைப் பற்றி உனக்குத் தெரியுமே. டிவியில் ஒரு கார் வேகமாக வந்தாலே அந்தக் கால் தரையை ஓங்கி மிதிக்கும். எத்தனையோ பேர் உயிரைக் காப்பாற்றிய கால் அது. சிவப்பு விழுந்ததும் கையால் பிரேக்கைச் சரியாகத்தான் பிடித்தாளாம், ஆனால் கால் வழக்கம்போல ஓங்கி மிதித்தது, குதிகாலைத் திருப்ப மறந்துவிட்டது. வண்டி நின்றது, இவள் அப்படியே பக்கவாட்டில் மெல்லச் சாய்ந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் நடைபாதையில் நின்றிருந்தவர் இவளிடம் காலை முதல் வகுப்பில் கார் கற்றுக்கொள்ளும், வங்கியில் வேலை பார்க்கிற ஒரு அம்மா. மறுநாள் அவர் ஸ்கூல் முதலாளியிடம் போய், சைக்கிளையே நிறுத்தத் தெரியாதவங்க கிட்ட நான் எப்படி சார் கார் கத்துக்கறது என்று வேறு ஆளைக் கேட்டுவிட்டார். முதலாளி இவளைக் கூப்பிட்டு, யானைக்கும் அடி சறுக்கும் டீச்சர், ஆனா நம்ம போர்டுக்கு முன்னாடி சறுக்க வேணாமே என்று சிரித்தாராம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. காலை முதல் வகுப்பு காலியானது, வேறு யாரும் சேரவில்லை.

இவள் வீட்டுக்கு வந்து ஷூவைப் பெட்டியில் வைத்து அலமாரிமேல் ஏற்றினாள். பழைய பெடலை மாட்டிடச் சொல்லுங்க, இல்லைன்னா வண்டியையே கொடுத்திடுங்க என்றாள். அந்தப் பெடலைக் கண்டு முதலில் பயந்தவன் நான்தானே, எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லையம்மா. காலை அந்த நேரத்தில் இவள் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிறவள், என்னிடம்கூடக் குரலைத் தாழ்த்திப் பேசினாள். பெட்டியை நானே இறக்கினேன். வண்டியை நடையில் சுவரோரமாக நிறுத்தி, ஏறு, நான் பிடிச்சுக்கறேன் என்றேன். உங்களுக்கு என்ன தெரியும் இதைப் பத்தி என்றாள். ஒண்ணும் தெரியாது, பிடிக்க மட்டும் தெரியும் என்றேன். சீட்டைப் பிடித்துக்கொண்டு நான் சிவப்பு என்று கத்துவேன், அவள் குதிகாலைத் திருப்புவாள். முதலில் மிதி மிதி என்று மிதித்தாள். அப்புறம் வீட்டிலும் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு டக் டக்கென்று நடக்கச் சொன்னேன். வெங்காயம் நறுக்கும்போது கத்தினேன், தலை வாரும்போது கத்தினேன், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து எல்லாம் சரியா சார் என்று விசாரிக்கிற அளவுக்குக் கத்தினேன். கடைசியில் நான் வாயைத் திறந்தாலே குதிகால் தானாகத் திரும்பியது. கார்ல ஏறினா இந்தக் கால் பழையபடி மிதிக்குமா என்று எனக்கு உள்ளுக்குள் உதைப்புதான். ஷூ போட்டா ஒரு கால், செருப்பு போட்டா ஒரு கால், அதுக்கு வித்தியாசம் தெரியும் என்றாள். தெரிந்தது.

போன ஞாயிறு நம் ஊர் சைக்கிள் குழு ஒன்றோடு ஊருக்கு வெளியே ஏரி வரைக்கும் போனாள். கூட வந்தவர்கள் எல்லாரும் உன் வயசு. நான் அந்த சிக்னலுக்குப் போய், ரொட்டிக் கடை வாசலில் நின்றுகொண்டேன். வந்தாள். சிவப்பு விழுந்தது. குதிகால் திரும்பியது, டக்கென்று ஒரு சத்தம், கால் தரையில் ஊன்றியது, நேராக நின்றாள். என்னைப் பார்த்தாள், சிரிக்கவில்லை, ஒழுங்காகப் பார்க்கிங் செய்த மாணவனுக்குத் தலையாட்டுவாளே, அப்படி ஒரு தலையாட்டல். பச்சை விழுந்ததும் போய்விட்டாள். கடை வாசலில் நான் ஒருவன் மட்டும் கை தட்டினேன். என் பெண்டாட்டி என்று ரொட்டிக் கடைக்காரரிடம் சொன்னேன், கேட்காமலே சொன்னேன். எனக்கு இவளைப் பற்றி எப்போதும் பெருமைதான், ஆனால் அன்றைக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

இனிமேல் சொல்வதுதான் உனக்குப் புதுச் செய்தி. வங்கி அம்மா திரும்பி வரவில்லை, வராவிட்டால் போகட்டும். மறுநாள் நான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் அந்தக் காலை முதல் வகுப்பில் என் பெயரைக் கொடுத்தேன். ஆமாம், நான்தான். கார் ஓட்டக் கத்துக்கோங்கப்பா என்று நீ சின்ன வயதிலிருந்து கெஞ்சியும் அசையாதவன். கண் சரியில்லை, நேரமில்லை என்று என்னென்னவோ சொல்லியிருக்கிறேன், எல்லாம் சாக்கு, பயம்தான் காரணம். இவள் முதலில், விளையாடறீங்களா, வீட்டுல பேசிக்கலாம் என்றாள். ஆள் வேணுமா வேணாமா டீச்சர் என்றேன். முதல் நாளே அதே சிக்னலில் நான் ஓட்டிய கார் ஆஃப் ஆகிவிட்டது, பின்னால் ஒரே ஹாரன், இறங்கிக்கறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹாரன் அவங்க கையில, கிளட்ச் உங்க காலுல, மெதுவா விடுங்க என்றாள். விட்டேன். போயிற்று.

நீ அங்கே ஹெல்மெட் வாரைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டாதே, படத்தில் பார்த்தேன், இறுக்கிப் போடு. மழை நாளில் பஸ்ஸில் போ. ஷூ அடியில் உள்ள திருகை அடிக்கடி இறுக்கிப் பார்க்கும்படி அம்மா சொன்னாள். நீ நீண்ட நாள் நலமாக, நினைத்த வேலையில் உயர்ந்து, யாருக்கும் தலைகுனியாமல் இருக்க எங்கள் இருவர் ஆசியும் உண்டு.

மறக்காமல் ஒன்று. வருகிற தேதியைச் சீக்கிரம் எழுது, அதற்குள் நான் டெஸ்ட் பாஸ் செய்தாக வேண்டும். இந்த முறை விமான நிலையத்திலிருந்து உன்னை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வருவது நான்தான். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள். முன் சீட்டு வேண்டும் என்று அடம்பிடிக்காதே, அது டீச்சருடையது.

இப்படிக்கு,
எல் போர்டு கட்டியிருக்கும் உன் அப்பா