பவளத் தொட்டிக்கு ஒரு விளக்கு மூடி

பாகலூர் ரோடு, ஓசூர்
14-12-1997

அன்பு மகள் செல்லிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. தூத்துக்குடியில் நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே மூன்று பேருக்கும் உடம்பு சுகம்தான், மனசுதான் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. இந்தக் கடிதத்தையே பாதியில் வைத்துவிட்டு எழுந்து எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். யாரை என்கிறாய், உன் தம்பி ரத்தினவேலைத்தான். கொல்லைப்பக்கம் டிரில்லிங் மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறான். சத்தம் வந்தாலும் பயம், நின்றால் அதைவிடப் பயம். இதற்கு நடுவில் கம்பெனியிலிருந்தும் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பழையபடி தகடு அழுத்துகிற பிரஸ் மெஷினுக்கே வருகிறானா, இல்லை ஸ்டோரில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு வருகிறானா, இந்த மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். மெஷின் வேண்டாமடா என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் கேட்பான் என்றுதான் பேனாவையே எடுத்தேன்.

அந்தக் கம்பெனி பிரஸ் மெஷினில் இரண்டு விரல் போனதிலிருந்து அவன் வாய் திறப்பதே அபூர்வம் என்று உனக்குத் தெரியும். பையன் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறானே என்று மாப்பிள்ளை கண்ணாடித் தொட்டியும் கடல் தண்ணீர் கேன்களும் பவளமும் மீனும் இறாலும் லாரியில் ஏற்றி அனுப்பினார், அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும். ஆனால் அந்தப் பவளத்துக்கு வெளிச்சம்தான் சாப்பாடாமே! நம் வீட்டு ஒற்றை ட்யூப்லைட் அதற்கு எந்த மூலைக்கு? நாளுக்கு நாள் வாடிக்கொண்டே வந்தது. நாலு ட்யூப் பொருத்தித் தொட்டி அளவுக்கு ஒரு மூடி செய்தால் பிழைக்கும் என்று தம்பி தரையில் சாக்பீஸால் படம் போட்டான். உன் அப்பா சும்மா இருப்பாரா? நீ எதையும் தொடாத, நான் பாத்துக்கறேன் என்று தகரத்தை வாங்கி வந்துவிட்டார். ஜிஐ தகரம் வேணாம்ப்பா, அதுல பூசியிருக்கிற துத்தநாகம் உப்புத் தண்ணியில எறங்குனா பவளத்துக்கு வெஷம்னு தூத்துக்குடி மாமா சொன்னாரு என்று அவன் படித்துப் படித்துச் சொன்னான். லாரிக்கே தகரம் அடிச்சவன்டா நானு, பெயிண்ட் அடிச்சுட்டா எங்கருந்துடா எறங்கும் என்று இவர் மடக்கி, வளைத்து, வெள்ளைப் பெயிண்ட் அடித்து மாட்டியும் விட்டார். சுவிட்சைப் போட்டதும் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது, நானும் வாயைப் பிளந்து பார்த்தேன்.

பெயிண்ட் மேலேதானே, ஸ்குரு போட்ட ஓட்டைக்குள் பெயிண்ட் ஏது? தொட்டியிலிருந்து எழும்பின ஆவி அதில் கோத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே சொட்டியிருக்கிறது. சிவப்புக் கோடு போட்ட அந்த இறால் மல்லாந்து கிடந்தது. பவளம் பூப்போல நீட்டியிருந்ததையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் கல்லாக நின்றது. அன்றைக்குப் போட்டான் பார் ஒரு சத்தம், தெருவே எட்டிப் பார்த்தது. எங் கையப் பாத்து நீங்க ரெண்டு பேருந்தான் பயந்து சாவறீங்க, எனக்கு ஒரு பயமும் இல்ல, தொடாத தொடாதன்னே என்னை ஒண்ணுத்துக்கும் ஆகாதவனா ஆக்கிட்டீங்க என்றான். உன் அப்பா பாவம், மூடியைக் கழற்றி வெளியில் வைத்துவிட்டு இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தார்.

தம்பி மிச்சமிருந்த கேன் தண்ணீரை மாற்றி ஊற்றினான். பஷீர் பாய் கடையில் பிளைவுட் பலகை வாங்கி வந்து இன்று காலையிலிருந்து அவனே மூடி செய்கிறான். இப்போது கடிதத்தை நிறுத்திவிட்டு எழுந்து போனேன், ஓட்டை போடுகிறபோது அப்பா பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அத்தனை இரும்பை வளைத்த மனுஷன் கை இன்றைக்கு நடுங்குகிற நடுக்கத்தில் பலகையே தடதடவென்று ஆடுகிறது. இவன் மெஷினை நிறுத்தி, அப்பா, நீ போயி ஒரு டீ குடிச்சுட்டு வா, அம்மா, நீ வந்து புடி என்றான். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பிடித்தேன். கண்ணத் தொறம்மா, பலகை சாயுது என்று சிரித்தான். செல்லி, அவன் சிரித்து எத்தனை நாளாச்சு! திறந்து பார்த்தால் மிச்ச விரல்களாலேயே மெஷினை அழுத்திப் பிடித்திருக்கிறான், துளி ஆட்டம் இல்லை. கம்பெனிக்கு என்னடா சொல்லப்போற என்று கேட்டேன். மெஷினுக்கேதாம்மா என்றான். நான் பலகையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஓட்டையப் போடுடா என்றேன்.

சானமாவுப் பக்கம் யானை இறங்கியிருக்கிறது, உன் பெரியப்பா ராகிக் கொல்லையில் காவல் இருக்கிறார், பொங்கலுக்கு நீங்கள் வந்தால் அங்கே போக முடியுமோ என்னமோ. குட்டிக்குச் சளி என்று எழுதியிருந்தாய், ஈரத் தலையோடு வெளியில் விடாதே. பவளம் இன்னும் முழுசாக விரியவில்லை, ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நீட்டிப் பார்க்கிறது, பிழைக்குமா என்று மாப்பிள்ளையைக் கேட்டு எழுது. நீங்கள் மூன்று பேரும் குறையில்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

தம்பிக்குத் தனியாகக் கடிதம் போடு. மீனைக் கேள், மூடியைக் கேள், என்ன வேண்டுமானாலும் கேள். நான் மேலே கேட்ட மாதிரி மெஷின் வேண்டாம் என்றோ, கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றோ மட்டும் எழுதிவிடாதே அம்மா, நாங்கள் சொன்னதே அவனுக்குப் போதும்.

உன் அம்மா,
முனிலட்சுமி