கரடிக்கும் பெங்குவினுக்கும் ஒரு ரேஸ்

என்னை எப்போதும் முந்திக்கொண்டு ஓடிய என் அக்காவுக்கு,

உன் பெங்குவின் இன்றைக்கு மறுபடியும் பனியில் இறங்கியது. ஓட்டியது யார் தெரியுமா? அம்மா! அந்தச் சனியனைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்று நம் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே இருந்த அதே அம்மாதான்.

முதலில் என் புலம்பலைக் கேட்டுக்கொள். களைத்துப் போய்விட்டேன் அக்கா. காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை. அதிலிருந்து இந்த ஆஸ்டின் டவுன் வீட்டில் எல்லாம் என் தலையில்தான். பொம்மசந்திராவில் மாத்திரைக் கம்பெனியில் நாள் முழுக்க நின்று, ஓசூர் ரோட்டில் நகராத பஸ்ஸில் நின்று, வீட்டுக்கு வந்து பார்த்தால் காலையில் வைத்துவிட்டுப் போன இட்லி அப்படியே இருக்கிறது. பக்கவாதம் வந்த வலது கையை அம்மாவால் இன்னும் தூக்க முடியவில்லை. பகலில் பார்த்துக்கொள்ள வந்துகொண்டிருந்த பெண்மணி, மகளுக்குப் பிரசவம் என்று ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. நான் என்னதான் செய்வேன், சொல்?

நீ இருந்தபோது இதற்கெல்லாம் நம்மிடம் ஒரு வழி இருந்தது. இரண்டு பேருக்கும் பிடிக்காத வேலை வந்தால் அந்தப் பனிச்சறுக்கு கேமில் ஒரு ரேஸ். தோற்றவர் வேலையைச் செய்ய வேண்டும். டேங்கர் தண்ணீருக்கு போன் போடுவது, அம்மாவைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போவது, பிரேசர் டவுன் சித்தி வீட்டு விசேஷத்தில் போய் உட்கார்ந்து ‘தம்பிக்கு எப்போ கல்யாணம்’ என்ற கேள்விக்குப் பல்லைக் காட்டுவது, எல்லாமே அப்படித்தான் முடிவாயிற்று. முக்கால்வாசி நான்தான் தோற்றேன். “டேய், ஆபீஸ்ல நாள் பூரா மவுஸ் பிடிக்கிற கைடா இது” என்று பீற்றிக்கொள்வாய்.

அப்படி என்னதான் இருந்தது அதில்? நாம் இரண்டு பேரும் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. திரையில் ஆளுக்குப் பாதி: உடம்பைவிடப் பெரிய தலையோடு உன் பெங்குவின், கழுத்தில் மஃப்ளரோடு என் கரடி. மரத்தில் மோதினால் தலை பனியில் புதைந்து கால் இரண்டும் மேலே உதைத்துக்கொள்ளும். உடனே எழுந்து, தட்டிவிட்டுக்கொண்டு, போய்க்கொண்டே இருக்கும். ஆஸ்பத்திரி கிடையாது, பிசியோதெரபி கிடையாது.

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு ஒன்று. அந்த கேமில் ஆக்சிலரேட்டரே இல்லை. மலையே நம்மை இழுத்துக்கொண்டு போகும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டிருந்தால் போதும். பகலெல்லாம் எதையாவது தள்ளிக்கொண்டே இருப்பவனுக்கு, தானாக ஓடும் ஒன்றின் மேல் சும்மா நிற்பது எவ்வளவு சுகம்! இப்போது தனியாக ஆடினால் திரை முழுவதும் எனக்கே. எனக்கு வேண்டாம். நீ போனதிலிருந்து அதைத் தொடவே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஓசூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? இன்று எனக்கு லீவு. மதியம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது அங்கிருந்து போன் வர, அம்மா எடுத்துவிட்டாள். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால், கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

“எப்போ வரீங்கன்னு கேக்குறாங்கடா.”

அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன்.

“அந்தப் பனி ஆட்டத்தைப் போடு. நீயும் அவளும் எல்லாத்தையும் அதுலதானே முடிவு பண்ணீங்க? இதையும் பண்ணு. நான் தோத்தா அங்க போறேன். நீ தோத்தா என்னை வச்சுக்கோ.”

“அம்மா, சும்னே வெட்டியா ஏதாவது பேசாத.”

“போடுடா.”

உன் கன்ட்ரோலரை அவள் இடது கையில் கொடுத்தேன். திருப்புவதற்கு அந்தக் கட்டைவிரல் ஒன்றே போதும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெங்குவின் முதலில் வேலியில் முட்டியது, அப்புறம் மரம், அப்புறம் பாறை. அது தலைகீழாகக் கால் உதைத்ததும் அம்மா சிரித்தாள் அக்கா! நீ போன பிறகு இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. “எழுந்திருடி, ஏய், எழுந்திரு” என்று பெங்குவினை அதட்டினாள்.

முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நான் கரடியை வேலிப் பக்கமே திருப்பிப் பிடித்து, முட்டி நிறுத்திவிட்டேன். பெரிய தியாகம் என்று நினைத்துவிடாதே. கோட்டைத் தாண்ட விரல் வரவில்லை, அவ்வளவுதான். அம்மா விழுந்து எழுந்து மெதுவாக வந்து சேர்ந்தாள். என் பாதித் திரையைப் பார்த்தாள். பெங்குவினையும் அதே வேலியில் முட்டி நிறுத்தினாள்.

“நீ போடா.”

“நீ போம்மா.”

“எனக்கு அங்க ஒண்ணும் ஆகாது. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிப்பேன். உனக்குன்னு ஒரு வாழ்க்கை வேணாமா? போடா கண்ணு.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “போம்மான்னா போயேன்! ஏம்மா உயிரை வாங்குற!” என்று கத்தினேன். அவள் அசையவில்லை. கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கட்டைவிரல் மேல் என் விரலை வைத்து அழுத்தி, பெங்குவினைக் கோட்டுப் பக்கம் திருப்பினேன். எதிர்த்துத் தள்ளிப் பார்த்தாள், பலம் பத்தவில்லை. பெங்குவின் கோட்டைத் தாண்டியது. அவள் பாதியில் பட்டாசு வெடித்தது. என் பாதியில் கரடி உட்கார்ந்து அழுதது.

“அழுகுணி ஆட்டம்டா இது” என்றாள். ஒரு கையில் கன்ட்ரோலர், இன்னொரு கை வராது. கண்ணை நான்தான் துடைத்துவிட்டேன்.

சிரித்த முகத்தோடு பார்த்துக்கொள்வேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன் அக்கா. பகலுக்கு ஒரு ஆள் தேட வேண்டும், ஷிப்ட் மாற்றச் சொல்லிக் கம்பெனியில் கெஞ்ச வேண்டும், நினைத்தாலே அசதியாக இருக்கிறது. எரிந்து விழுவேன். இட்லி வைக்க மறந்து பன் வாங்கிக் கொடுப்பேன். ஆனால் நாளைக் காலையில் முதல் வேலையாக அந்த இல்லத்துக்கு போன் போட்டு, நாங்கள் வரவில்லை என்று சொல்லிவிடுவேன். அம்மா என்னோடுதான் இருப்பாள். இது உன் மேல் சத்தியம்.

இன்னொரு முறையும் தோற்றுப்போன
உன் தம்பி