முதல் தேதிக்கு வரவேண்டிய தட்டு

பிரிக்பீல்ட்ஸ்,
6 நவம்பர் 2025

கலா கிஃப்ட்ஸ் உரிமையாளர் திருமதி சந்திரகலா அவர்களுக்கு,

வணக்கம். கையால் கடிதம் எழுதி எத்தனையோ வருடமாகிறது. எழுத வைத்துவிட்டீர்கள்.

அக்டோபர் எட்டாம் தேதி உங்கள் இணையப் பக்கத்தில் ஒரு பித்தளை ஆரத்தித் தட்டுக்குச் சொல்லி, அன்றே முழுப் பணமும் கட்டினேன். என் மகள் தாமரையின் திருமணத்துக்கு. தட்டின் நடுவில் மணமக்கள் பெயர், தாமரை – லோகன். விளிம்பில் பெண்ணைப் பெற்றவர்கள் பெயர், பரமேஸ்வரன் – மாதவி. நவம்பர் முதல் தேதிக்குள் வீட்டுக்கு வந்துவிடும் என்று ரசீதில் நீங்களே போட்டிருக்கிறீர்கள். இன்று ஆறாம் தேதி. வாட்ஸ்அப்பில் பதினொரு செய்தி அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக். போன் அடித்தால் எண் தொடர்பில் இல்லை என்று ஒரு பெண் குரல் மலாயில் சொல்கிறது. அவளிடம் எத்தனை முறைதான் கோபித்துக்கொள்வது?

நான் ஒரு கிளினிக்கில் பதிவு முகப்பில் வேலை செய்கிறேன். அங்கே மாத்திரை வாங்க வரும் சிவநேசன், பொருள் வாங்கி ஏமாந்தவர்களுக்காகப் பேசும் பயனீட்டாளர் சங்கத்தில் இருப்பவர். "வாட்ஸ்அப்ல சண்ட போட்டா காத்தோட போயிடும்க்கா. லெட்டர் எழுதுங்க, ரிஜிஸ்டர் போஸ்ட்ல போடுங்க, காப்பி ஒன்னு வச்சுக்குங்க" என்றார். அதனால்தான் இது.

திருமணம் நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. வேறு எது குறைந்தாலும் சமாளித்துக்கொள்வேன். அந்தத் தட்டு மட்டும் மேடையில் இருந்தாக வேண்டும். எப்போது வரும் என்று ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
மாதவி பரமேஸ்வரன்


கிள்ளான்,
14 நவம்பர் 2025

மதிப்பிற்குரிய மாதவி அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுத முடியாததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு தடங்கல். அதைக் கல்யாண வீட்டுக்கு எழுதுவது சரியில்லை. கடை எண் இனிமேல் வேலை செய்யாது. வேறு எண் இன்னும் வாங்கவில்லை.

மணமக்கள் பெயரை வெட்டிவிட்டேன். விளிம்பில் உங்கள் இருவர் பெயர்தான் பாக்கி. பெயர் வெட்டிய பொருளை ரத்து செய்ய முடியாது என்று எங்கள் பக்கத்தில் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேறு யாருக்கும் அதை விற்க முடியாது அல்லவா, அதற்காகச் சொல்கிறேன். 25ஆம் தேதிக்குள் எப்படியாவது சேர்த்துவிடப் பார்க்கிறேன்.

உங்கள் மகள் தீர்க்க சுமங்கலியாக இருக்கட்டும்.

அன்புடன்,
சந்திரகலா


பிரிக்பீல்ட்ஸ்,
18 நவம்பர் 2025

சந்திரகலா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. வாழ்த்துக்கு நன்றி. ஆனால் வாழ்த்தைக் கொண்டுபோய் மேடையில் வைக்க முடியாது.

தடங்கல் என்கிறீர்கள். என்ன தடங்கல் என்று சொல்லவில்லை. எனக்கு மட்டும் தடங்கல் இல்லையா? மண்டபத்துக்காரர் பாதி நாற்காலியைக் குறைத்துவிட்டார். சமையல்காரர் தினமும் ஒரு புதுப் பட்டியல் அனுப்புகிறார். காலையில் கிளினிக், மாலையில் பத்திரிகை கொடுக்க வீடு வீடாக அலைச்சல். கால் வீங்கிக் கிடக்கிறது. இதற்கு நடுவில் உங்களுக்குக் கடிதம்.

ரத்து செய்ய முடியாது என்ற பேச்சைச் சிவநேசனிடம் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் மனம் மாறித் தட்டைத் திருப்பினால் நீங்கள் மறுக்கலாம். என் மனம் மாறவில்லை, உங்கள் தேதிதான் மாறியது. சொன்ன நாளில் தராவிட்டால், பெயர் வெட்டிய பொருளாக இருந்தாலும் பணத்தைத் திருப்பிக் கேட்க எனக்கு உரிமை உண்டு. 25ஆம் தேதி கடைசி. அதற்குள் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுப்பேன். மிரட்டலாக நினைக்காதீர்கள். மிரட்டத் தெம்பு இல்லை.

தபாலில் அனுப்ப முடியாவிட்டால் உங்கள் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். பணம் கட்டிய அன்று அவர்தான் போனில் பேசினார். "கவலப்படாதீங்கக்கா, போர்ட்லேர்ந்து லோரி எடுத்துட்டு கேஎல் வருவேன் லா, நானே கொண்டாந்து தரேன்" என்றார். அவர் பேச்சை நம்பித்தான் நான் வேறு கடைக்குப் போகவில்லை.

மாதவி


கிள்ளான்,
22 நவம்பர் 2025

மாதவி அக்காவுக்கு,

அவரால் வர முடியாது அக்கா.

உங்கள் பெயர்களை வேறொருவர் வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் வெட்டுவதைவிட அதுதான் நல்லது. அவருக்கு வேலை ஷிப்ட் மாறி மாறி வருவதால் நாள் தள்ளுகிறது. 25 முடியாவிட்டாலும் கல்யாணத்துக்கு முன்னால் நானே ரயில் ஏறிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன். உள்ளே வர மாட்டேன்.

கோபத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சந்திரகலா


பிரிக்பீல்ட்ஸ்,
4 டிசம்பர் 2025

சந்திரகலா அவர்களுக்கு,

கல்யாணம் முடிந்தது. தட்டு வரவில்லை. நீங்களும் வரவில்லை.

29ஆம் தேதி மாலை முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மண்டபத்துக்காரரின் தட்டை வாங்கி வைத்தார்கள். விளிம்பில் பிளாஸ்டிக் ரோஜா ஒட்டிய தட்டு. யார் யார் கல்யாணத்துக்கோ போய் வந்தது. ஆரத்தி சுற்றினார்கள், பொட்டு வைத்தார்கள், கல்யாணத்துக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் குறை.

ஏன் இத்தனை பிடிவாதம் என்று நினைத்திருப்பீர்கள். சொல்லிவிடுகிறேன். பரமேஸ்வரன் போய் ஒன்பது வருடமாகிறது. உங்கள் படிவத்தில் அவர் பெயருக்கு முன்னால் அமரர் என்று நான் போடவில்லை. வேண்டுமென்றேதான் போடவில்லை. பத்திரிகையில் போட்டுத்தான் ஆகவேண்டும் என்றார்கள், போட்டேன். தட்டிலாவது நாங்கள் இரண்டு பேரும் சாதாரணமாகச் சேர்ந்து இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். ஆரத்தி எடுக்க என்னைக் கூப்பிட மாட்டார்கள். என் நாத்தனார் சீதாலெட்சுமிதான் எடுத்தாள். "மாதவி, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுமா" என்று நல்லவிதமாகத்தான் சொன்னாள். நான் தூண் ஓரம் நின்றேன். தட்டு வந்திருந்தால் என் பெயராவது பிள்ளையின் முகத்துக்கு முன்னால் சுற்றி வந்திருக்கும். அவ்வளவுதான் என் ஆசை.

நேற்று முன்தினம் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்துவிட்டேன். பிரதி இத்துடன் இருக்கிறது. விசாரணைக்குத் தேதி போட்டு உங்களுக்கும் தெரிவிப்பார்கள். கோபத்தில் கொடுக்கவில்லை. கோபமெல்லாம் கல்யாணத்தன்றே வடிந்துவிட்டது. கேட்காமல் விட்டால் என்னை நானே ஏமாற்றிக்கொண்ட மாதிரி இருக்கும், அதனால் கொடுத்தேன்.

மாதவி


கிள்ளான்,
11 டிசம்பர் 2025

மாதவி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன். சோறு அடிப்பிடித்துவிட்டது. இனிமேல் எதையும் மறைத்து என்ன ஆகப்போகிறது?

என் கணவர் ஹரிஹரன் அக்டோபர் 28ஆம் தேதி இறந்துவிட்டார். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் எடுக்க வரிசையில் லோரியை நிறுத்தியிருந்தார். வரிசை நகர்ந்தது, இவர் லோரி நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்திருக்கிறார்கள். மாரடைப்பு. வயது நாற்பத்து மூன்று. கடை வாட்ஸ்அப் அவர் போனில்தான் இருந்தது. அதைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த நேரம் உங்கள் தட்டுதான் பெயர் வெட்டும் மெஷினில் இருந்தது. பதினாறு நாள் தீட்டு, கல்யாணப் பொருளைத் தொடக் கூடாது. காரியம் முடிந்த பிறகு வெட்டலாம் என்று உட்கார்ந்தேன். என் ஓரகத்தி மலர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கல்யாணத் தட்டுலா சந்திரா, ஒங்கை பட வேணாம். அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா மனசு என்ன பாடுபடும்?" என்றாள். எனக்கும் அது சரியென்றே பட்டது. நீங்கள் கணவரோடு மேடையில் நிற்கப் போகிறவர் என்றுதான் நினைத்திருந்தேன். தாலியிழந்தவள் கை பட்டது என்று நாளைக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாதே.

மலரே வெட்டித் தருகிறேன் என்றாள். தெலுக் பங்லிமா காராங் ஊர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு ஷிப்ட் வேலை. நவம்பர் 28ஆம் தேதிதான் வர முடிந்தது. அவள் மெஷினைத் தொட்டதே இல்லை. ஊசி வழுக்கி உங்கள் கணவர் பெயரின் குறுக்கே நீளமாக ஒரு கோடு விழுந்துவிட்டது. அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலுக்கு எப்படி வருவேன்?

பணம் முழுவதையும் நேற்று உங்கள் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். மனு கொடுத்தது தப்பே இல்லை. துக்கம் என் வீட்டோடு, தேதி நான் கொடுத்த வாக்கு. ஒன்றைத்தான் தாங்க முடியவில்லை. நீங்களும் என்னைப் போலத்தான் என்று தெரிந்திருந்தால், அன்றே அரை மணி நேரத்தில் நானே வெட்டிக் கொடுத்திருப்பேன்.

சந்திரகலா


பிரிக்பீல்ட்ஸ்,
17 டிசம்பர் 2025

அன்புள்ள சந்திரகலாவுக்கு,

இனிமேல் நீ என்றே எழுதுகிறேன். என் தங்கையைவிடச் சின்னவளாக இருப்பாய்.

பணம் வந்தது. எடுத்துக்கொண்டேன், அது எனக்குச் சேரவேண்டியது. மனுவை நேற்று திரும்பப் பெற்றுவிட்டேன். இரக்கப்பட்டுச் செய்தேன் என்று நினைக்காதே. பணம் வந்த பிறகு கேட்க ஒன்றும் இல்லை. உன் கணவரைப் பற்றித் தெரியாமல், அவரிடம் கொடுத்துவிடு என்று எழுதினேனே, அதை நினைத்தால் கை கூசுகிறது.

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். ஒருவருக்கொருவர் சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமே என்றுதான் முதலில் எழுதினேன். படித்துப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கிளினிக்கில் கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து யோசித்தேன். என் முதல் கடிதத்துக்கு நீ உண்மையைப் பதிலாக எழுதியிருந்தால்? கணவர் தவறிவிட்டார் அக்கா, நானே வெட்டித் தரட்டுமா என்று கேட்டிருந்தால்?

வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன் சந்திரகலா. நல்லவிதமாக, மனம் நோகாமல், பணத்தைக்கூட நீயே வைத்துக்கொள் என்று சொல்லி வேறு கடைக்குப் போயிருப்பேன். என் பிள்ளை கழுத்தில் தாலி ஏறுகிற நாள், பயந்திருப்பேன். ஒன்பது வருடமாக என்னை எல்லோரும் ஒதுக்குகிறார்கள் என்று அழுதவள், உன்னைப் பதினாறாம் நாளே ஒதுக்கியிருப்பேன். சீதாலெட்சுமி பேரில் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அந்தக் கோபம் இப்போது என் பேரிலேயே இருக்கிறது.

உனக்கு என்மேல் வெறுப்பு வந்தால் பதில் போடாதே, புரிந்துகொள்வேன். போடுவதாக இருந்தால், ராத்திரி தூக்கம் வருகிறதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதை மட்டும் எழுது. முதல் வருடம் அது இரண்டும்தான் கஷ்டம்.

மாதவி அக்கா