பச்சையைக் கழட்டச் சொன்னவன்

டிசம்பர் 20, 2025, சனி

முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனியிலிருந்து நேராக கிரவுண்டுக்குப் போனேன். பொங்கல் ஃபுட்பால் டோர்னமென்ட் ஆரம்பிக்க இன்னும் ஒரு வாரம். பாக்யராஜ் ஒரு செய்தி கொண்டுவந்தான். எங்கள் கேப்டன் அவன், என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். பக்கத்து ஊர் மடுகரைக்காரர்கள் இந்த வருஷம் ஜெர்சியை மாற்றிவிட்டார்களாம். பழைய மஞ்சள் போய் மெரூன் வந்திருக்கிறதாம். "சும்மா ரத்தக் கலருடா, கலை. பாத்தாலே கெத்தா இருக்கு" என்றான். நானும் "அப்படியா, நல்லதுதான்" என்று சொல்லி வைத்தேன்.

எங்களுக்குக் கரும்பச்சை. முப்பத்தெட்டு வருஷமாக அதேதான்.

ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றேன். மதியம் சாப்பிட்ட மீன் குழம்புதான் காரணம் என்று என் மனைவி மஞ்சுளாவிடம் சொன்னேன். பாவம், குழம்பு மேல் ஒரு தப்பும் இல்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

எத்தனையோ எழுதியிருக்கிறேன், இதை மட்டும் எழுதினதில்லை. யாராவது எடுத்துப் படித்துவிட்டால்? படிக்கட்டும்.

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. அதிலும் அடர்ந்த சிவப்பு, அடர்ந்த பச்சை என்றால் இரண்டும் ஒரே மண் நிறம். தக்காளியை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். சிக்னலில் மேலே எரிந்தால் நிற்பேன், கீழே எரிந்தால் போவேன். இப்படியே முப்பத்தொரு வயசு ஓடிவிட்டது.

2016-ல் போலீஸ் வேலைக்கு ஆள் எடுத்தபோது போனேன். ஓட்டத்தில் முதல் ஆள். மெடிக்கலில் டாக்டர் புள்ளி புள்ளியாக இருக்கும் ஒரு புத்தகத்தைத் திறந்து, உள்ளே இருக்கும் நம்பரைப் படி என்றார். முதல் பக்கத்தில் 12 தெரிந்தது. அதற்கப்புறம் எல்லாம் வெறும் புள்ளி. ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வெளியே நாகராஜன் மாமா நின்றிருந்தார். அம்மாவின் தம்பி, போலீஸில் ஏட்டு, அரியாங்குப்பத்தில் வீடு. "வீட்ல சொல்லிடாதீங்க மாமா, கண்ணு சரியில்லாதவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சரிடா என்றார்.

வீட்டில் வந்து, சிபாரிசுக்கு ஆள் இல்லாம தள்ளிட்டாங்க என்றேன். சும்மா வாயில் வந்த வார்த்தை. அம்மா அதைப் பிடித்துக்கொண்டாங்க. போலீஸிலேயே இருக்கும் கூடப்பிறந்தவன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று ஆத்திரம். அந்தப் பொங்கலுக்கு மாமா கொண்டுவந்த வரிசையை, புடவை, கரும்பு, மஞ்சள் கொத்து எல்லாவற்றையும், வாசலிலேயே திருப்பி அனுப்பினாங்க. அதோடு பேச்சு வார்த்தை நின்றது. என் கல்யாணத்துக்கு அவருக்குப் பத்திரிகைகூட வைக்கவில்லை. ஒன்பது பொங்கல் போய்விட்டது. மாமா இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

கிரவுண்டில் இதுவரை சமாளித்துவிட்டேன். சிவப்பு டீம் வந்தால் ஷார்ட்ஸைப் பார்ப்பேன், குரலைக் கேட்பேன், ஓடுகிற தினுசைப் பார்ப்பேன். மடுகரை ஷார்ட்ஸ் என்ன கலரோ.

டிசம்பர் 28, ஞாயிறு

லீக் மேட்சில் மடுகரையிடம் தோற்றோம், 1–0. காரணம் நான்.

அவர்களுக்கும் எங்களைப் போலவே கறுப்பு ஷார்ட்ஸ். இரண்டாவது பாதி, வெயில் இறங்கிவிட்டது. பந்து என் காலில் இருக்கிறது. இடது பக்கம் பாக்யராஜ் ஓடுவதைப் பார்த்தேன். அளவெடுத்த மாதிரி ஒரு பாஸ். அப்படி ஒரு பாஸ் நான் வாழ்க்கையில் கொடுத்ததில்லை. ஆனால் அது பாக்யராஜ் இல்லை, அவர்களுடைய ஒன்பதாம் நம்பர். அவனே ஒரு நொடி திகைத்து என்னைப் பார்த்தான். அப்புறம் நேராகப் போய் கோல் அடித்துவிட்டான்.

எங்கள் பக்கத்திலிருந்து ஒருத்தன் கத்தினான், "மாமியா வூட்டுக்கு சீரு அனுப்பறான்டா!" எல்லாரும் சிரித்தார்கள். மஞ்சுளாவின் ஊர் மடுகரை.

நானும் சேர்ந்து சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

டிசம்பர் 30, செவ்வாய்

சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. இப்போது நான் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்ததாக நிஜமாகவே பேசுகிறார்கள். குழாயடியில் மஞ்சுளாவைப் பார்த்து, "கப்பு எப்பம்மா உங்க ஊருக்குப் போவுது?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். இவள் பாதி நிரம்பிய குடத்தோடு திரும்பி வந்துவிட்டாள்.

அம்மா விடுவாங்களா? அங்கேயே போய் நின்று சண்டை. அடுத்த தெருவரைக்கும் கேட்டது. "எம்புள்ள ஏமாத்தறவனாடி? அவனுக்குப் பொய் சொல்லவே தெரியாதுடி!"

வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா, போதும்மா, உள்ள வாம்மா.

ஜனவரி 1, 2026, வியாழன்

கம்பெனியில் புது டைரி இன்னும் தரவில்லை. பழையதில் போன் நம்பர் எழுதும் பக்கங்களில் எழுதுகிறேன். இந்த வாரக் கணக்குப்படி என்னிடம் பேசுகிறவர்களின் நம்பருக்கு அரைப் பக்கம் போதும்.

ஜனவரி 3, சனி

அரையிறுதி. எதிர் டீமுக்கு வெளிர் மஞ்சள். அடடா, எவ்வளவு தெளிவு! ஒரு பாஸ் தப்பவில்லை. 2–0 ஜெயித்தோம். சந்தோஷமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல், "மத்தவங்ககிட்ட மட்டும் நல்லாத்தான் ஆடறான்."

ஃபைனல் 17-ந்தேதி, காணும் பொங்கல் அன்று. எதிரே மறுபடியும் மடுகரை.

ஜனவரி 4, ஞாயிறு

எங்கள் விளையாட்டுச் சங்கக் கட்டடத்தில் மீட்டிங். எப்படி ஆரம்பிப்பது என்று காலையிலிருந்து பாத்ரூமில் ஒத்திகை பார்த்தேன். அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது.

"சாயங்கால வெளிச்சத்துல ரெண்டு ஜெர்சியும் இருட்டாத் தெரியுது. ஃபைனலுக்கு மட்டும் நாம வெள்ளை போடலாமா? பெரிய பெரிய டீமெல்லாம் வெளியூர் போனா வேற கலர் போடறாங்களே" என்றேன்.

சூசைநாதன் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். டீம் மேனேஜர். ஜெர்சி எல்லாம் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும். வேறு யாரையும் துவைக்க விடமாட்டார். "வெளியூர் போனா போடுவான். இது நம்ம கிரவுண்டு. ரெஃப்ரி கண்ணுக்கு ஒரே மாதிரி இருந்தாத்தான் மாத்தணும், அதுவும் வந்தவன் மாத்தணும். பச்சையும் செவப்பும் ஒரே மாதிரியா? இன்னாடா பேசற நீ?"

எல்லாரும் சிரித்தார்கள். பாக்யராஜ் மட்டும் சிரிக்கவில்லை. "பச்சையக் கழட்டணும்னு உனக்கு எவன்டா சொல்லிக் குடுத்தான்?" என்று கேட்டான்.

மடுகரையில் சொல்லி அனுப்பினார்கள் என்று நினைக்கிறான். பாக்யராஜ்! என் கல்யாணப் பந்தியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாறியவன்.

ஜனவரி 6, செவ்வாய்

மஞ்சுளாவும் கேட்டுவிட்டாள். "உண்மையச் சொல்லுங்க. எங்க ஊரு ஆளுங்க யாராவது உங்ககிட்ட பேசினாங்களா?"

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், கண், புள்ளிப் புத்தகம், மாமா. அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு, "அப்ப நிச்சயத்துக்கு நான் கட்டினு வந்த பொடவ கலரு புடிச்சிருக்குன்னு சொன்னீங்களே?"

"பொடவை புடிச்சிருந்தது" என்றேன்.

"பேசாதீங்க. ஒரு வாரமா குழாயடிக்குப் போவாம அடுத்த தெருவுலேர்ந்து தண்ணி தூக்கினு வரேன். தெரிஞ்சே வாய மூடினு இருந்தீங்களே? ஊருக்குச் சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்லுவேன்."

சொன்னால் நம்ப வேண்டுமே? மாட்டிக்கொண்டவன் சொல்கிற சாக்கு என்பார்கள். நம்ப வைக்க ஒரே வழி அந்த மெடிக்கல் தாள். சர்டிபிகேட் ஃபைலில் கடைசியாக மடித்து வைத்திருக்கிறேன். அதைக் காட்டினால் போலீஸ் கதை வெளியே வரும். வந்தால் அம்மாவுக்குப் போகும். என் ஒரு வார்த்தையால் ஒன்பது வருஷமாகக் கூடப்பிறந்தவன் முகத்தைப் பார்க்காதவங்க.

17-ந்தேதி மழை கொட்டி ஃபைனலே நடக்காமல் போனால் என்ன?

ஜனவரி 7, புதன்

செய்தியில் கேட்டேன். இந்த மாதம் மழை இல்லையாம்.

ஜனவரி 10, சனி

அரியாங்குப்பம் போனேன். மாமா வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்தார். "வாடா கலை" என்றார், நேற்றுத்தான் வந்துபோனவனைக் கூப்பிடுவது மாதிரி.

நாளைக்கு எல்லாரிடமும் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் துணியைப் பிழிந்து காயப்போட்டார். "யோசிச்சுக்கடா. அக்கா என்னத் திட்டினா எனக்குப் பழகிப்போச்சு. உன்னத் திட்டினா நீ தாங்குவியா?"

"நீங்க ஏன் மாமா ஒரு தடவகூட சொல்லல?"

"நீதான என் கையப் புடிச்சினு கேட்ட?"

அவ்வளவுதான் சொன்னார். டீ போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். குடிக்காமலே வந்துவிட்டேன். நான் ஒரு நாய்.

ஜனவரி 11, ஞாயிறு

தாளைச் சங்கக் கட்டடத்து மேசை மேல் வைத்தேன். பாக்யராஜ் எடுத்து, இங்கிலீஷைத் தட்டுத் தடுமாறிப் படித்தான். தேதியை மட்டும் இரண்டு தடவை படித்தான்.

"அப்ப ஏட்டு மேல தப்பே இல்லையா?" என்றான்.

இல்லை என்றேன். கையை பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

ஒருத்தன் எழுந்தான். "சரி, பாவம்தான். அதுக்காக ஒருத்தனுக்கோசரம் பதினோரு பேரும் கழட்டணுமா? இவன வெளிய ஒக்கார வெச்சா முடிஞ்சுது." நியாயமான பேச்சு. நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொன்னேன். 

சூசைநாதன் அண்ணன் எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தோம். திரும்பி வந்தபோது ஒரு கையில் எங்கள் ஜெர்சி, இன்னொரு கையில் அவர் பெண்ணுடைய பழைய தாவணி, மெரூனாம். இரண்டையும் சுருட்டி என் முன்னால் வைத்தார்.

"துணியத் தொடாத. நம்ம கலரு எதுன்னு சொல்லு."

பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். வலது பக்கத்தைக் காட்டினேன். அண்ணன் அதைப் பிரித்துக் காட்டினார். தாவணியைக் காட்டியிருக்கிறேன்.

அண்ணன் ஜெர்சியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "எத்தினி தடவ இவன, கண்ணு பொடனியிலயா இருக்குன்னு திட்டியிருக்கேன்" என்றார், யாரிடமோ சொல்வது போல. பிறகு குரலை உயர்த்தி, "ரெஃப்ரி கண்ணுக்கு மட்டும் பாத்தா போதுமா? ஆடறவன் கண்ணுக்கும்தான் பாக்கணும். வெள்ளை பனியன் எல்லார் வூட்லயும் இருக்கும், அதப் போடுங்க. கையில பச்சை ரிப்பன் கட்டணும். அது என் கண்டிஷன்."

பாக்யராஜ் என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தான். வலித்தது. அது மன்னிப்புக் கேட்பதா, திட்டுவதா தெரியவில்லை.

வீட்டுக்கு ஏழு நிமிஷ நடை. செய்தி எனக்கு முன்னாலேயே போய்விட்டது. அம்மாவிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அது தெரியாமலா இருந்தேன்? பயம். அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாங்க. "அம்மா" என்றேன். முறத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாங்க.

ஜனவரி 12, திங்கள்

பேசவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

பேசவில்லை. சோற்றை மஞ்சுளாவிடம் கொடுத்தனுப்பறாங்க. திட்டினால்கூடப் பரவாயில்லை. மாமா கேட்டது இப்போது புரிகிறது. ஒன்பது வருஷம் தம்பியிடம் பேசாமல் இருந்தவங்க. எனக்கு எத்தனை வருஷமோ.

ஜனவரி 14, புதன், போகி

காலையில் ஒரு பையோடு அம்மா பஸ் ஏறிப் போயிருக்காங்க. எங்கே என்று மஞ்சுளாவிடமும் சொல்லவில்லை. புதுச்சேரி பஸ். அரியாங்குப்பம் வழியாகத்தான் போகும்.

சாயங்காலம் வந்தபோது பை காலி. கண் வீங்கியிருந்தது. என்னைத் தாண்டித்தான் உள்ளே போனாங்க.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

பானை நன்றாகப் பொங்கியது. மாமா கரும்பும் மஞ்சள் கொத்தும் புடவையுமாக வந்தார். அம்மா தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாங்க. நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். முப்பத்தொரு வயசு ஆம்பளை.

ஜனவரி 17, சனி, காணும் பொங்கல்

கிரவுண்டுக்குள் இறங்கியதும் மடுகரைப் பக்கம் ஒரே சிரிப்பு. பனியன் கம்பெனி டீமா என்று கேட்டார்கள். முதுகில் மார்க்கரில் எழுதிய நம்பர் வேர்வையில் கரைந்து வழிந்தது. கையில் ரிப்பன். பச்சை என்று அண்ணன் சொன்னார், நம்பிக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் ஆட்கள் பத்துப் பேரும் தெரிந்தார்கள். ஓரக்கண்ணால் பார்த்தாலும் தெரிந்தார்கள். இத்தனை வருஷம் விளையாடியதில் இன்றைக்குத்தான் பந்தை மட்டும் பார்த்து ஆடினேன் என்று சொல்ல வேண்டும். 1–1. பெனால்டியில் 4–3 என்று தோற்றோம். நான் அடித்தது உள்ளே போனது. கப் மடுகரைக்குத்தான். யாரும் சீர் என்று கத்தவில்லை. மஞ்சுளா சாக்லேட் வாங்கி, குழாயடியில் கேட்டவளுக்கே கொடுத்துவிட்டு வந்தாளாம். அவளிடம் யாரும் ஜெயிக்க முடியாது.

கூட்டத்தில் மாமா பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா நடுவீட்டில் நின்றிருந்தாங்க. மாமா வரிசையில் கொண்டுவந்த புடவை உடம்பில்.

"இது இன்னா கலரு, சொல்லு."

ஆறு நாளைக்கு அப்புறம் முதல் வார்த்தை. முன்பென்றால், உனக்கு நல்லா இருக்கும்மா என்று நழுவியிருப்பேன்.

"தெரியலம்மா."

என்னையே பார்த்தாங்க. முந்தானையைத் தூக்கி என் முகத்துக்குக் கிட்டே பிடித்தாங்க.

"பச்சைடா" என்றாங்க. குரல் உடைந்துவிட்டது. முந்தானையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த பனியனக் கழட்டிப் போடு. தொவைக்கணும்" என்றாங்க.